பத்துக்கு ரெண்டு

என் வலிக்கு நம்பர் கேட்ட முதல் ஆள் ஒரு மயக்க டாக்டர். குடலில் அடைப்பு, ஒரு சாண் வெட்டி எடுத்துவிட்டு மீதியைச் சேர்த்துத் தைக்க வேண்டும் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டுப் போன அன்று சாயங்காலம், அந்தப் பெண் என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முப்பது வயதுதான் இருக்கும். அவர் பேசியதெல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. கேட்ட நான்தான் வேறெங்கோ இருந்தேன்.

"வலி சுத்தமா இல்லீன்னா பூஜ்யம். இதுக்கு மேல தாங்க முடியாதுன்னா பத்து. நாங்க கேக்கறப்பெல்லாம் ஒரு நம்பர் சொல்லணும். சரிங்களா?"

"சரிங்க."

"ஆபரேசன் முடிஞ்சதும் ஒரு மெசின் வெப்போம். அதுல வலி மருந்து இருக்கும். ஒயர் நுனியில ஒரு பட்டன். வலிச்சா நீங்களே அமுக்கிக்கலாம், கொஞ்சமா மருந்து போகும். ஆனா நீங்க மட்டும்தான் அமுக்கணும். வேற யாரும் தொடக்கூடாது. நீங்க தூங்கிட்டா அமுக்க ஆளில்லை, மருந்தும் போகாது. அதுதான் உங்களுக்குக் காவல். ஊட்டம்மாகிட்டயும் மறக்காமச் சொல்லிருங்க."

"சொல்லிடறனுங்க."

எனக்கு இந்த வியாதி ரொம்ப நாளாக உண்டு. எதிராளி சொல்லி முடிக்கும் முன்பே 'சரிங்க' என்று வாய் சொல்லிவிடும். காதுக்கு அப்புறம்தான் விஷயம் போய்ச் சேரும், சில சமயம் சேராமலும் போகும். அன்று என் நினைப்பெல்லாம் சிங்காநல்லூர் ஒர்க்‌ஷாப்பில் செம்புக் கம்பியைப் பாதி மட்டும் சுற்றி மேசைமேல் விட்டு வந்த ஒரு போர்வெல் மோட்டாரில் இருந்தது. மோட்டாரைக் கொடுத்த தோட்டத்துக்காரர் தினமும் போன் போட்டுக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரி அப்போது கீழே கேண்டீனுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்ததும் "டாக்டரம்மா வந்தாங்களா? என்னங்க சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. நம்பர் சொல்லணுமாம்" என்றேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்துபோனது.

மறுநாள் ஆபரேசன் தியேட்டரில் நல்ல குளிர். தலைக்கு மேலே வட்டமாக ஒரு விளக்கு. அதே டாக்டர் என் முகத்துக்கு மேலே தலைகீழாகத் தெரிந்தார். "எந்த ஊருங்க உங்களுக்கு?" என்றார். "சிங்காநல்லூருங்க, குளத்துக்குப் பக்கத்தாலே..." என்று ஆரம்பித்தேன். விளக்கு மெல்ல இளகி, குளத்துத் தண்ணீரில் வெயில் விழுவது போல ஆடியது. நாலு மணி நேரம் கழித்து, வேறொரு அறையில், "...மோட்டார் ஒர்க்‌ஷாப்புங்க" என்று அந்த வாக்கியத்தை முடித்தேனாம். பக்கத்தில் இருந்த சிஸ்டர் பிற்பாடு சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அந்த அறையில் இருந்த நேரத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு வரிசையாக வருவதில்லை. தொண்டைக்குள் மணல் அள்ளிப் போட்ட மாதிரி இருந்தது. மயக்கத்தில் குழாய் விட்டிருந்தார்கள், அந்தப் புண் என்றார்கள். பற்கள் தாமாகத் தட்டிக்கொண்டன. யாரோ சூடு காட்டிய கம்பளியைக் கழுத்து வரை இழுத்துவிட்டார்கள். அந்தக் கைக்கு என் சொத்தில் பாதியை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. தண்ணீர் கேட்டேன், கிடையாது என்றார்கள். நனைத்த துணியை உதட்டில் வைத்தார்கள். அந்த ஈரம் நாக்கின் நுனி வரை வந்து நின்றுவிட்டது. பேச்சுக் குரல்கள் எல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து வந்தன. வயிறு இருக்கும் இடத்தில் யாரோ பெரிய மூட்டை ஒன்றை இறக்கி வைத்திருந்தார்கள். அது என்னுடையது என்பதே எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

பிறகு நாலாவது மாடியில் அறை. பீளமேட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரி அது. ஜன்னலில் ஒரு வேப்பமரத்தின் உச்சியும், அதற்கு மேலே இறங்கி வரும் விமானங்களும் தெரியும். படுத்துக்கொண்டே பார்த்தால் விமானம் நகர்வதே தெரியாது. வேப்ப இலைகளுக்கு மேலே வந்து நிற்கும். கண்ணை மூடித் திறந்தால் இருக்காது. நான் வேலையில்லாமல் இப்படி எதையும் பார்த்து வருஷக்கணக்காகிறது. வலி மட்டும் இல்லையென்றால் அது சொர்க்கம் என்றே சொல்லியிருப்பேன்.

ஆனால் வலி இருந்தது. நன்றாகவே இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் கம்பியில் மாட்டியிருந்த மெசினிலிருந்து வந்த ஒயர் என் தலையணை மேல் கிடந்தது. அதன் நுனியில் பட்டன். மருந்து கொடுக்கத் தயாராக இருந்தால் அதில் பச்சை விளக்கு எரியும், அமுக்கினால் 'டிங்' என்று சத்தம் வருமாம். நான் அதை அமுக்கவில்லை. இன்னும் மோசமாக வரும்போது அமுக்கலாம் என்று ஒரு பக்கம். பட்டனை அமுக்குகிற ஆள் தோற்றுப்போன ஆள் என்று இன்னொரு பக்கம்.

இரண்டாம் நாள் காலை டியூட்டியில் இருந்தது பொள்ளாச்சிப் பக்கத்துச் சிஸ்டர். தியேட்டர் கதையைச் சொல்லிச் சிரித்தவரும் இவர்தான். "ஏனுங்கய்யா, நோவு எவ்வளவு இருக்குதுங்க?" என்றார்.

"ரெண்டுங்க" என்றேன்.

இந்த ரெண்டை நான் யோசித்துத்தான் கண்டுபிடித்தேன். பூஜ்யம் என்று சொன்னால் வீம்பு என்று நினைப்பார்கள். மூன்று என்றால் அந்தப் பெண் பாவம், எழுந்து போய் எதையாவது எடுத்து வர வேண்டியிருக்கும். ரெண்டு என்பது விருந்தாளி கேட்கிற அரை டம்ளர் காபி மாதிரி. யாருக்கும் சிரமம் இல்லாத மரியாதையான நம்பர்.

சிஸ்டர் ஒரு தலையணையை என் வயிற்றின் மேல் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு இருமச் சொன்னார். இருமினேன் என்று பேர். பூனை தும்மினால் கூட அதைவிடச் சத்தமாக இருக்கும். பிறகு மூன்று பந்து போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கொடுத்து, குழாயில் மூச்சை இழுத்துப் பந்துகளைத் தூக்கச் சொன்னார். முதல் பந்து லேசாக அசைந்துவிட்டு உட்கார்ந்துகொண்டது.

"ரெண்டுன்னு சொல்றவங்களுக்கு ஒரு பந்து கூட எந்திரிக்கலீங்களே. வலிக்குப் பயந்துட்டு மேல மேல மூச்சு உட்டீங்கன்னா நெஞ்சுல சளி கட்டிக்கும், காய்ச்சல் வந்துரும். பட்டன அமுக்கிப்போட்டு, செத்த கழிச்சு நல்லா இருமுங்க. அதுக்குத்தான மருந்து வெச்சிருக்குது."

"சரிங்க" என்றேன். என் வீட்டுக்காரி என் முகத்தைப் பார்க்கவில்லை, போர்வைக்கு வெளியே தெரிந்த என் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவை இறுக மடங்கி இருந்தன. வாயை அடக்கத் தெரிந்த எனக்குக் கால் விரல்களை அடக்கத் தெரியவில்லை.

பதினொரு மணிக்கு அவளுடைய அண்ணன் சோமனூரிலிருந்து வந்தார். பவர்லூம் வைத்திருப்பவர். தறிச் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகிய தொண்டை, ஆஸ்பத்திரியிலும் அதே அளவில்தான் பேசும். அவரைப் பார்த்ததும் நான் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தேன். தையல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தன்னை அறிமுகம் செய்துகொண்டது.

"வாங்க மச்சான். சாப்பிட்டீங்களா?"

"அதெல்லாமாச்சுங்க மாப்ளே. எப்படி இருக்கறீங்க? நோவு எதாச்சும்?"

"நோவென்னங்க நோவு. எறும்பு கடிச்சாப்பல இருக்குது."

நூல் விலையில் தொடங்கி, கரண்ட் சார்ஜைத் தொட்டு, ஒரு நிச்சயதார்த்தம் நின்றுபோன கதை வரை முக்கால் மணி நேரம் பேசினோம். நான் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன். அவர் ஆரஞ்சுப் பையை வைத்துவிட்டுப் போன பிறகு சாய்ந்தால், முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் துண்டை எடுத்து என் நெற்றியைத் துடைத்தாள்.

"ஏனுங்க, அந்தப் பட்டன நான் அமுக்கட்டுங்களா?"

"வேண்டாம்."

"கொஞ்சமாச்சும்?"

"வேண்டாம்னு சொல்றனல்ல."

அந்த 'வேண்டாம்' பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பந்தியில் உட்கார்ந்தவன் இலைமேல் கையை நீட்டி 'போதுங்க, போதுங்க' என்பான். அதுதான் மரியாதை. பரிமாறுகிறவர் அதை நம்பாமல் விரல் இடுக்கு வழியாகவாவது இன்னொரு கரண்டி போட வேண்டும். அது அதைவிடப் பெரிய மரியாதை. போதும் என்றதும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால், 'அந்த ஊட்டுல சோத்துக்குக் கூடப் பஞ்சம்' என்று ஊர் பேசும். முப்பத்து நாலு வருஷமாக எங்கள் வீட்டில் தினமும் நடப்பது இதுதான். நான் போதும் என்பேன், அவள் போடுவாள், நான் சாப்பிடுவேன். இன்னும் போடு என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. கேட்க வேண்டி வந்ததும் இல்லை.

அசதியில் தூங்கிப்போனேன். அந்தத் தூக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம் வந்தது. நீளமான பந்தி, ஆனால் என் ஒருத்தனுக்கு மட்டும் இலை. ஜன்னல் இல்லாத இடத்திலெல்லாம் ஜன்னல், எல்லாவற்றிலும் வேப்பமரம். அரிசிம்பருப்புச் சோற்றை இலையில் யாரோ வைத்தார்கள். முகம் தெரியவில்லை. கையில் இரண்டு கண்ணாடி வளையலும் ஒரு தங்க வளையலும் இருந்தன. ஒரு கரண்டி விழும்போதெல்லாம் எங்கோ 'டிங்' என்று சின்னச் சத்தம் கேட்டது. போதுங்க என்றேன். டிங். போதுங்க. டிங். சோறு இலையை மூடி, மடியை மூடி, வயிற்றுக் காயத்தையும் மூடியது. இளஞ்சூடாக இருந்தது. வலி எங்கே என்று தேடினேன், இல்லை. ஒரு விமானம் மண்டபத்துக்குள் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டே இருந்தது, தரைக்கு வரவே இல்லை. சோறு நெஞ்சு வரை வந்தது. கனமாக இருந்தாலும் நல்ல கனம். மூச்சு விடுவது கூட ஒரு வேலைதானே, நாளைக்குச் செய்துகொள்ளலாம் என்று தோன்றியது. அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்கு முன்னும் பின்னும் அனுபவித்ததில்லை. அதை நினைத்தால் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது.

"ஐயா! ஐயா, கண்ணத் தொறங்க! மூச்சு இழுங்க!"

யாரோ நெஞ்செலும்பில் விரல் முட்டியால் தேய்த்தார்கள். பொள்ளாச்சிச் சிஸ்டர். முகத்தில் மாஸ்க், மூக்கருகே காற்று. "மூச்சு இழுங்கய்யா, இன்னொண்ணு, இன்னொண்ணு" என்று அவர் கேட்கக் கேட்க, கடன்காரனுக்குக் கொடுப்பது போல ஒவ்வொன்றாக இழுத்து விட்டேன். டியூட்டி டாக்டர் ஓடி வந்தார். மெசினை நிறுத்தினார்கள். கையில் இருந்த குழாயில் ஒரு ஊசி போட்டார்கள். ஏற்கெனவே போன மருந்தை முறிக்கிற மருந்து அது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சோறு, மண்டபம், வளையல் எல்லாம் ஒன்றாகக் காணாமல் போயின. அந்த இடத்தில் வலி வந்து உட்கார்ந்தது. இரண்டு நாளாக நான் வாசலில் நிறுத்தி வைத்திருந்த மொத்த வலியும்.

"எவ்வளவுங்கய்யா?"

"பத்து!" என்று கத்தினேன். "பத்துங்க! பத்து!" வராந்தாவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இல்லை. கத்தியது, உண்மையைச் சொன்னால், நன்றாகவே இருந்தது.

டாக்டர் மெசினில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். "மத்தியானத்துல இருந்து திரும்பத் திரும்ப அமுக்கியிருக்குதே. தூங்கிட்டிருந்தவர் எப்படிங்க அமுக்குனாரு?"

சுவரோரமாக நின்றிருந்த என் வீட்டுக்காரி சொன்னாள்: "நாந்தானுங்க அமுக்குனேன். பச்சை எரியறப்பெல்லாம் அமுக்குனேன். தூக்கத்துலயும் மொகத்தச் சுளிச்சாருங்க. கேட்டா வேண்டாம்னுதானுங்க சொல்வாரு. சோத்துக்கும் அப்படித்தானுங்க சொல்வாரு. இதையும் அப்படின்னு நெனச்சுப்போட்டேன்."

"மத்தவங்க அமுக்கக்கூடாதுன்னு யாரும் உங்ககிட்டச் சொல்லலீங்களா?"

"சொல்லியிருப்பாங்க டாக்டர். எனக்குத்தான் புத்தி பத்தலீங்க."

யாரையும் குறை சொல்லாமல் பழியைத் தன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அப்படிப் பழகியவள். சொல்ல வேண்டிய ஆள் மாஸ்க்குக்குள்ளே இருந்தான். மாஸ்க்கை விலக்க ஒரு விரல் போதும். என் கை நன்றாகத்தான் இருந்தது. வலிக்கிறது, பேச முடியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன்.

டாக்டர் திட்டவில்லை. இனிமேல் தொடாதீங்கம்மா என்று மட்டும் சொன்னார். சாயங்காலம் மயக்க டாக்டர் வந்து பார்த்து, முதுகில் மெல்லிய குழாய் வைத்து மருந்து போகிற மாதிரி வேறு ஏற்பாடு செய்தார். அவள் அப்போது தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "சொல்லீருந்தேனுங்களே" என்றார், அவ்வளவுதான். அன்றிலிருந்து ஏழை ஏழு என்றும் ஐந்தை ஐந்து என்றும் சொன்னேன். மருந்து பார்த்துப் பார்த்துக் கொடுத்தார்கள். தலையணையை அணைத்து இருமினேன். நாலாம் நாள் மூன்று பந்தும் எழுந்து நின்றன. சிஸ்டர் கை தட்டினார். அவள் கை தட்டவில்லை.

வீட்டுக்கு வந்தோம். காயம் ஆறியது. ஆறாத ஒன்று சாப்பாட்டு மேசையில் தெரிந்தது. அவள் ஒரு கரண்டி சோறு வைப்பாள். "போதும்" என்பேன். பாத்திரத்தை மூடி அடுப்படிக்கு எடுத்துப் போய்விடுவாள். முதல் நாள் பத்தியம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் டாக்டரே நன்றாகச் சாப்பிடுங்கள் என்ற பிறகும் அதேதான். போதும் என்ற சொல்லை முப்பத்து நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவள் நம்ப ஆரம்பித்திருந்தாள். மாத்திரையைக்கூடக் கையில் தர மாட்டாள். மேசைமேல் வைத்து, "நீங்களே எடுத்துக்கங்க" என்று ஓரடி தள்ளி நிற்பாள். மதியம் தூங்கி நான் கண் விழித்தால், பிளாஸ்டிக் சேரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உதடு அசையும். என் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டும் நான் வாயைத் திறக்கவில்லை. தினமும் காலையில் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். பல் விளக்கி முடிப்பதற்குள் நாளைக்கு என்றாகிவிடும். என் மேல் எனக்கே எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சலை ஒர்க்‌ஷாப்பிலிருந்து போன் போட்டவர்கள் மேல் காட்டினேன்.

ஒரு நாள் மத்தியானம் அரிசிம்பருப்புச் சோறு செய்திருந்தாள். நெய் வாசம் முன் அறை வரை வந்தது. ஒரு கரண்டி வைத்துவிட்டுப் பாத்திரத்தைத் தூக்கினாள். அவள் கையில் அதே இரண்டு கண்ணாடி வளையலும் தங்க வளையலும்.

"நில்லு. உனக்கு எவ்வளவு?" என்றேன்.

"என்னதுங்க?"

"பத்துக்கு எவ்வளவுன்னு கேக்கறேன்."

"எனக்கென்னங்க நோவு." கொஞ்சம் யோசித்து, "ரெண்டு" என்றாள்.

அந்த நம்பர் என்னுடையது. அதற்குள் என்ன இருக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அவள் காலைப் பார்த்தேன். விரல்கள் சிமெண்டுத் தரையில் அழுந்தி வெளுத்திருந்தன.

"நெசமாச் சொல்லு, கண்ணு."

பாத்திரத்தை மேசைமேல் வைத்தாள். "ஒம்பதுங்க" என்றாள். "அன்னிக்கு மத்தியானத்துல இருந்து ஒம்பது. கொறையவே இல்லீங்க. கரண்டியத் தொட்டாலே, உங்களக் கொல்லப் பாத்த கை இதுன்னு தோணுதுங்க."

எனக்கு முன்னால் சோறு ஆறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டுதான் சொல்ல முடிந்தது.

"மயக்க டாக்டர் முந்தின நாளே எங்கிட்டச் சொன்னாங்க. வேற யாரும் அமுக்கக்கூடாது, ஊட்டம்மாகிட்டச் சொல்லிருங்கன்னு சொன்னாங்க. நாஞ் சரீன்னேன். நாந்தான் உங்கிட்டச் சொல்லல. அன்னிக்கு அந்த டாக்டர் உன்னைக் கேக்கறப்பவும் சொல்லல. இன்னிக்கு வரைக்கும் சொல்லல. தப்பு என்னோடது, அம்மணி. உன்னோடதில்ல."

வீட்டுக்கு மேலே விமானம் ஒன்று தாழ்ந்து போனது. அவள் முகம் சிவந்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"ஏனுங்க, இத்தன நாளா இத வயித்துக்குள்ள வெச்சுட்டா உக்காந்திருந்தீங்க? நாந் தெனமும் செத்துச் செத்துப் பொழைக்கறதப் பாத்துட்டு?"

அவள் என்னிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கரண்டியைப் பாத்திரத்துக்குள் விட்டு, அடிவரை போய் அள்ளி, என் தட்டில் கொட்டினாள். பருப்பு மேசையெல்லாம் தெறித்தது. பதிலுக்குக் காத்திருக்காமல் இன்னொரு கரண்டி.

"போதும்" என்றேன். நிஜமாகவே போதுமாக இருந்தது. தட்டின் மேல் கையை நீட்டினேன்.

என் விரல் இடுக்கு வழியாக இன்னொரு கரண்டி போட்டாள்.